பிழையைச் சொல்வதும் வேலைதான்

நேற்று நான் பகிர்ந்த பதிலைப் பார்த்திருப்பீர்கள். "இலவசமாகத்தானே பயன்படுத்துகிறீர்கள், அவசரமென்றால் நீங்களே நிரல் எழுதி அனுப்புங்கள்." தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஓர் இலவச ஆபிஸ் மென்பொருளில் நான் பதிவு செய்து, ஒன்பது வருடம் திருத்தப்படாமல் கிடக்கும் பிழைக்கு வந்த பதில் இது. இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிழை என்னவென்று இங்கே பலருக்கும் மனப்பாடம். அந்த ஆபிஸ் மென்பொருளில் தமிழ் எழுத்தை 14 அளவில் வைத்து, டாக்எக்ஸ் (வேர்ட் வடிவக்) கோப்பாகச் சேமித்து, மூடித் திறந்தால் அட்டவணைக்குள் உள்ள தமிழ் மட்டும் 12க்கு இறங்கிவிடும். பக்கத்திலேயே இருக்கும் ஆங்கிலம் அசையாது. டாக்எக்ஸில் ஆங்கில எழுத்தின் அளவு ஓரிடத்திலும் தமிழ், அரபு போன்றவற்றின் அளவு வேறோரிடத்திலும் பதிவாகும். அந்த இரண்டாவது இடத்தைத்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் வெறுமனே "வேலை செய்யவில்லை" என்று எழுதிவிட்டுப் போனவன் இல்லை. மாதிரிக் கோப்பு இணைத்தேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் சோதித்து, என்ன செய்தால் பிழை வரும் என்று படிப்படியாக எழுதினேன். ஒவ்வொரு வருடமும் "புதிய பதிப்பில் இன்னும் இருக்கிறதா?" என்று தானியங்கிச் செய்தி வரும். ஒவ்வொரு வருடமும் சோதித்துப் பதில் போட்டேன். இதுவும் உழைப்புதான். பிழையைச் சொல்வதும் வேலைதான்.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் சங்கத்தின் தமிழ்மொழி விழா மலரை இதில்தான் தயாரித்தோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து, விடிய விடிய வேலை. கவிதைகளை இரண்டு பத்தியாக அட்டவணையில் போட்டிருந்தோம். அச்சாகி வந்ததும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் தேக்கா காப்பிக்கடையில் மலரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, என் கவிதை மட்டும் ஏன் பொடி எழுத்தில் இருக்கு? கண்ணாடி போட்டும் படிக்க முடியலையே" என்றார். அவரிடம் நான் எந்த மென்பொருளைப் பற்றி விளக்குவது? "மன்னிச்சிடுங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

சரி, தன்னார்வலர்களைத் திட்டக்கூடாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோதுதான், இணையத் தொடர்பைப் பாதுகாக்க உலகமே நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர் என்பது பலருக்குத் தெரிந்தது. 2024-ல் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருள் விவகாரத்தில், தனியாளாகப் பராமரித்தவரை நச்சரித்து நச்சரித்தே பொறுப்பைப் பங்கிட வைத்துப் பின்கதவை (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழியை) செருகினார்கள். அதெல்லாம் தெரிந்ததால்தான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட "எப்போது முடியும்?" என்று நான் கேட்கவில்லை. திருத்த ஆளில்லை என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன். நான் ஒன்றுமே செய்யாதவன் என்று சொல்லாதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2002-ல் பதிவான டூல்டிப் (சுட்டியை வைத்தால் தோன்றும் சிறு குறிப்பு) பிழை ஒன்று 2023-ல் சரியானது. அன்று யாரோ உட்கார்ந்து பதிவு செய்யாவிட்டால் பின்னால் வந்தவர் எதைத் திருத்தியிருப்பார்? பிழையைச் சொல்வதும் வேலைதான்.

"காசு கொடுத்து வேறு வாங்கிக்கொள்" என்பவர்களுக்கு: சங்கத்துக் கணினிகள் அத்தனைக்கும் மாதச் சந்தா யார் கட்டுவது?

எல்லாவற்றையும்விட வலித்தது, கீழே இன்னொருவர் எழுதியது. "தமிழ் ஆவணங்கள் எத்தனை பேருக்கு வேண்டும்?" என்று கேட்டிருந்தார். இந்த ஊரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. இங்கே பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதுகிறார்கள். பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் எனக்கே எத்தனையோ பேரைத் தெரியும். எண்ணிக்கை சொன்னால்தான் எங்கள் எழுத்து 14 அளவில் நிற்கும் என்றால், அந்தப் பெரியவரையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்று மாலை புதிய பதிப்பை இறக்கிச் சோதித்தேன். பிழை அப்படியேதான் இருக்கிறது. அதையும் மாதிரிக் கோப்போடு எழுதிச் சேர்த்துவிட்டேன். சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி தெரிந்த தமிழர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், பிழையின் எண்ணை அனுப்புகிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் கூட உட்கார்ந்து சோதித்துத் தருகிறேன்.