கேள்வித்தாளைத் தொடாமல் கணக்கு வகுப்பை மாற்ற முடியாது

செமஸ்டர் ரிசல்ட் வந்தால் போதும், அதே புலம்பல். "பசங்களுக்கு பேஸிக்ஸே இல்லை சார்." பி.எஸ்சி. கணிதம் எடுக்கும் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். நானும் அந்தக் கூட்டத்தில் இருப்பவன்தான். ஆனால் பழியைப் பசங்க தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

ஏதாவது ஒரு ரியல் அனாலிசிஸ் (மெய்யெண்கள், எல்லை, தொடர்ச்சி பற்றிய பாடம்) கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் 75 மதிப்பெண். டூ மார்க்கில் வரையறை, ஃபைவ் மார்க்கில் சின்னத் தேற்றம், டென் மார்க்கில் பெரிய தேற்றம். "எழுதி நிறுவுக" என்பதைத் தாண்டி அந்தத் தாளில் பெரும்பாலும் வேறு வேலையே கிடையாது. பழைய தாள்களைப் புரட்டினால் இந்த முறை வருவது ஹைனே போரல் தேற்றமா, போல்சானோ வயர்ஸ்ட்ராஸ் தேற்றமா என்று ஹாஸ்டலில் ஜோசியம் சொல்லிவிடுவார்கள். முக்கால்வாசி பலிக்கவும் செய்யும்.

ஒரு உதாரணம். யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ், அதாவது சீராக ஒருங்குவது: வரிசையில் ஓர் இடத்தைத் தாண்டியதும் எல்லாப் புள்ளிகளிலும் ஒருசேர எல்லைச் சார்புக்குக் கிட்டே வந்துவிடுவது. தொடர்ச்சியான (வரைபடம் அறுபடாத) சார்புகளின் வரிசை ஒரு சார்பை நோக்கி சீராக ஒருங்கினால் அந்த எல்லைச் சார்பும் தொடர்ச்சியானது என்பது தேற்றம். எப்சிலானை, அதாவது அனுமதிக்கும் சின்னப் பிழையளவை, மூன்றாகப் பிரித்து நிறுவ வேண்டும். நிச்சயமான டென் மார்க். மாணவர்கள் வரி பிசகாமல் எழுதுகிறார்கள். "சரி, அந்த யூனிஃபார்ம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வகுப்பே கூரையைப் பார்க்கும்.

இதற்கு செல்போன் கால்குலேட்டர் போதும். 0 முதல் 1 வரை எக்ஸ் பவர் என், அதாவது எக்ஸை ‘என்’ தடவை பெருக்குவது. 0.9-ஐ 50 தடவை பெருக்கினால் சுமார் 0.005, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 0.99-ஐ அதே 50 தடவை பெருக்கினால் 0.6-க்கு மேல் நிற்கிறது. அதைக் கீழே கொண்டுவர 500 தடவை பெருக்க வேண்டும். 0.999 எடுத்தால் அந்த 500-உம் பத்தாது. 1-க்குக் கிட்டே போகப் போக என் பெரிதாகிக்கொண்டே போகிறது. எல்லாப் புள்ளிக்கும் சேர்த்து ஒரே என் கிடைக்கவே கிடைக்காது. யூனிஃபார்ம் இல்லை என்றால் இவ்வளவுதான் அர்த்தம். ஒவ்வொரு சார்பும் வழவழவென்று தொடர்ச்சியாக இருக்க, எல்லைச் சார்போ 1 வரும்வரை பூஜ்யமாகவே இருந்துவிட்டு 1-இல் மட்டும் திடீரென்று எகிறுகிறது. இதைக் கையால் போட்டுப் பார்த்த பையனுக்கு அந்த எப்சிலான் பை த்ரீ எதற்கு என்று புரியும். மனப்பாடம் செய்தவனுக்கு அது வெறும் மந்திரம்.

இதில் பசங்களைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிக்கொண்டே போய் அந்தத் தொடர் ஒருங்கினால் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதுதான் என்று 1821-இல் எழுதியவர் சாட்சாத் பிரெஞ்சு கணித மேதை கோஷி. 1826-இல் நார்வே கணித மேதை ஏபெல், சைன்களாலான ஒரு தொடரைக் காட்டி, இதற்கு அது பொருந்தவில்லையே என்றார். யூனிஃபார்ம் என்ற நிபந்தனை தெளிவாக உருப்பெற அதற்கப்புறமும் பல ஆண்டுகள் ஆயின. நாமோ அந்தச் சண்டை முழுவதையும் மறைத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் போர்டில் எழுதிப்போட்டு, காப்பி பண்ணிக்கொள் என்கிறோம்.

பொறியியல் பக்கமும் இதே கதைதான். எம்1-இல், அதாவது முதல் கணக்குத் தாளில், ஒரு மேட்ரிக்ஸுக்குக் கேலி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து இன்வெர்ஸ் கண்டுபிடி என்பார்கள். இன்வெர்ஸ் இல்லாத மேட்ரிக்ஸ் ஒரு சதுரத்தை என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

"இப்படியெல்லாம் கேட்டால் பாதிப் பேர் அரியர்தான், அதிலும் தமிழ் மீடியம் பசங்க பாவம்" என்று உடனே எதிர்ப்பு வரும். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு இரண்டு பக்க ஆங்கில நிறுவலை உருப்போடுவதுதான் தண்டனை. "தொடர்ச்சியற்ற எல்லைச் சார்புக்கு ஓர் உதாரணம் தருக" என்றால் ஒரு கோடும் ஒரு வளைவும் போதும். அங்கே ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.

உண்மையான தடை விடைத்தாள் திருத்துவதில் இருக்கிறது. கீயில், அதாவது விடைக்குறிப்பில், உள்ள வரியும் தாளில் உள்ள வரியும் ஒத்துப்போனால் கை தானாக டிக் அடிக்கும். ஆளுக்கு ஓர் உதாரணம் எழுதினால் ஒவ்வொன்றையும் நின்று யோசிக்க வேண்டும். கட்டு கட்டாகத் தாள் வந்து குவியும் அறையில் அதற்கு யாருக்குப் பொறுமை? கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல துறைகள் ஓடும்போது அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

ஆனால் முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். பிரெஞ்சு கணித மேதை எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்துவிட்டு இங்கே வந்த இயேசு சபைத் துறவி ரசீன், 1939 முதல் சென்னை லயோலாவில் கணிதம் நடத்தினார். பாடத்திட்டம் பழையதாகவே கிடந்த காலத்தில் மாணவர்களுக்குப் புதிய கணிதத்தைக் காட்டினார். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் சேர்ந்து 1965-இல் வெளியிட்ட தேற்றத்தை இன்றும் உலகம் அவர்கள் பெயரால்தான் சொல்கிறது. கணிதப் பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கிய, கணித மாணவர்களுக்கான எம்டிடிஎஸ் கோடை முகாமில் கேள்வி கேட்டுக் கேட்டே பாடம் நடக்கிறது. அங்கே போய்வரும் பையன் அப்புறம் வகுப்பில் சும்மா இருக்க மாட்டான். நமக்குக் கொஞ்சம் தொந்தரவுதான், இருக்கட்டும்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, கேள்வித்தாள் அவர்கள் கையிலேயே இருக்கிறது. தாளுக்கு ஒரே ஒரு ஃபைவ் மார்க், புத்தகத்தில் அப்படியே இல்லாத கேள்வியாக இருக்கட்டும். பாடத்திட்டத்தை முடிவு செய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸின் அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டுபோகும் கேள்விகளில் ஒன்று இது: எந்தப் புள்ளியிலுமே தொடர்ச்சியில்லாத சார்புகளின் வரிசை ஒன்று, ஒரு தொடர்ச்சியான சார்பை நோக்கி சீராக ஒருங்க முடியுமா? முடியுமென்றால் உதாரணம் தருக.

விடை தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். எம்.எஸ்சி. முடித்தவர்கள் மட்டும் ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள், யுஜி பசங்க முதலில் முயன்று பார்க்கட்டும்.