கையுறை போட்டுப் புழு கோர்க்கும் அம்மா

நான் போட்ட அந்தப் படத்துக்குக் கீழே கமெண்டுகளில் நேற்று நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு நான் தூண்டிலில் புழு கோர்க்கும் படம். "புழுவத் தொட அருவருப்புன்னா பிள்ளையள எதுக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறிய?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார். அதற்குச் சிரித்தவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள்.

ஆமாம், அருவருப்புதான். மண்புழு விரலைச் சுற்றி இறுக்கும்போது குடலைப் புரட்டும். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது?

சிலேபி மீனுக்கு 12ஆம் நம்பர் கொக்கி போதும். நம்பர் கூடக்கூடக் கொக்கி சிறிதாகும். கேலி பேசியவரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. புழுவை முழுசாகத் தொங்கவிட்டால் மீன் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும். சின்னத் துண்டாக்கி, கொக்கியின் வளைவை ஒட்டிக் கோர்க்க வேண்டும். தக்கை அமிழ்ந்த பிறகும் பேசிக்கொண்டு நின்றால் கொக்கி தொண்டைக்குள் போய்விடும். திருப்பி விடப்போகும் மீனென்றால் கொக்கியைப் பிடுங்கக் கூடாது, தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிட வேண்டும். கையை நனைக்காமல் மீனைப் பிடித்தால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும்.

கெளுத்திதான் பெரிய வில்லன். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்றையும் விறைத்துக்கொண்டு நிற்கும். சின்னவனுக்குப் பெருவிரலில் குத்தியபோது, அருவருப்புப் பிடித்த இந்த அம்மாதான் பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருந்தாள். முதலில் நம் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் பிள்ளையின் விரலை முக்கி வைக்க வேண்டும். சூடு பட்டால் முள்ளின் விஷத்தால் வரும் வலி அடங்கும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, கொக்கி நுனியின் எதிர்முள் வரை சதைக்குள் இறங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி, டெட்டனஸ் ஊசி.

"குமரி மாவட்டத்துல பொறந்துட்டு மீனுக்குப் பயமா?" என்று இன்னொருவர். ஐயா, கடலுக்குப் போகிறவர்களின் தொழிலும் என் பிள்ளைகள் பழையாற்றுக் கரையில் உட்காருவதும் ஒன்றா? 2017 ஒக்கி புயலில் அந்த வீடுகள் பட்டதைப் பார்த்த பிறகும் இப்படி வீரம் பேச வாய் வருகிறதா?

உயிரைக் கொல்லப் பழக்குகிறாய் என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் சந்தையில் வெட்டிக் கழுவி வாங்கிப் புளிமுளம் என்று மீன் குழம்பு வைக்கிறவர் அதைக் கேட்க வேண்டாம்.

பிள்ளைகளின் அப்பாவும் புழுவைத் தொட மாட்டார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் வேலைக்குப் போகிறார், களைத்து வருகிறார். நான் மட்டும் புழுவையும் தொட வேண்டும், முகமும் சுளிக்கக் கூடாது.

நான் கூடப் போவது புழு கோர்க்க மட்டுமில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு படித்துறையில் பாசி வழுக்கும், கரைமண் இளகிக் கிடக்கும், கலங்கல் தண்ணீரில் ஆழம் தெரியாது. கையுறையைப் பார்த்துச் சிரித்த கண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

பெரியவன் அந்தக் கமெண்டுகளைப் படித்துவிட்டான். இன்று சாயங்காலம் கையுறையை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டு, "நீங்க வரண்டாம்மா, நாங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாறோம்" என்கிறான்.