வட்டம் போட்டுவிட்டால் வழி வந்துவிடாது

மருந்துக் கடை எல்லாருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது என்று காட்ட இணையத்தில் ஒருவர் போட்ட அந்த வரைபடத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து மருந்துக் கடை ஒவ்வொன்றையும் நடுவில் வைத்து, 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். எல்லா அடுக்குமாடி புளோக்கும் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் வந்துவிட்டதாம். "இதற்கு மேல் என்ன குறை?" என்று ஒரு வரி. கீழே கைதட்டல்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: இது யார் நடக்கிற 800 மீட்டர்? அதற்கு வந்த பதில்களைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

வட்டம் என்பது நேர்க்கோட்டுத் தூரம். எங்கள் புளோக்குக்கும் மருந்துக் கடை இருக்கும் கடைத்தொகுதிக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறது. பாலம் அந்தக் கோடியில் இருக்கிறது. பாலத்தைச் சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அதில் பாதி வழிக்குக் கூரை கிடையாது. சனிக்கிழமை அம்மாவோடு நடந்து மணி பார்த்தேன். 38 நிமிடம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு 76 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம்.

இங்கிலாந்தில் 2014இல் வந்த ஓர் ஆய்வு 20 நிமிட நடையில் மருந்துக் கடை இருக்கிறதா என்று பார்த்தது. கிட்டத்தட்ட 89 விழுக்காட்டு மக்களுக்கு இருந்தது. ஏழ்மை மிகுந்த பகுதிகளில் இன்னும் கூடுதல். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் 20 நிமிடம் என்று சொல்லும்போதே ஒரு நடை வேகத்தை முடிவு செய்துவிடுகிறோம். நல்ல கால் உள்ளவர் அந்த நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் போய்விடுவார். என் அம்மாவால் முடியாது. அமெரிக்காவில் மருந்துக் கடை எட்டாத பகுதிகளைக் கணக்கெடுக்கும்போது, வருமானம் குறைந்த, கார் இல்லாத வீடுகள் அதிகம் உள்ள இடத்துக்கு 1 மைல் என்ற அளவை அரை மைலாகக் குறைத்துப் பார்க்கிறார்கள். யார் போகிறார் என்பதைப் பொறுத்துத் தூரத்தின் பொருள் மாறும் என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் எல்லாருக்கும் ஒரே வட்டம்?

நம் ஊருக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. பல சாலை கடக்கும் இடங்களில் மூத்தோர் தங்கள் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரிகிறது. 2009இலிருந்தே இருக்கிற ஏற்பாடு அது. வயதானவர் மெதுவாக நடப்பார் என்பதை விளக்குக் கம்பமே புரிந்துகொண்டிருக்கிறது. வரைபடம் போடுகிறவர் புரிந்துகொள்ளக் கூடாதா?

அப்புறம், கடை என்று எதைச் சொல்கிறோம்? கடை திறந்திருப்பது வேறு, மருந்தாளர் இருப்பது வேறு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. எனக்கு மாலை ஷிஃப்ட். தானே மெதுவாக நடந்து போயிருக்கிறார். கடையில் விளக்கெல்லாம் எரிகிறது, ஷாம்பூவும் முகப்பூச்சும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே மருந்தாளர் கவுன்டர் மட்டும் மூடியிருக்கிறது. அம்மா கேட்ட இருமல் மருந்தை மருந்தாளர் இல்லாமல் தர முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டம் அது, அப்படிச் சொன்ன கடைப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா வெறுங்கையோடு அதே வழியில் திரும்பி வந்தார். அந்த வரைபடத்தில் இந்தக் கடைக்கும் ஒரு புள்ளி உண்டு. மருந்தாளரே இல்லாத கடைக்கும் அதே நிறத்தில், அதே அளவில் புள்ளி.

இங்கே ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர் கிளினிக்கிலேயே மருந்து தருகிறார்கள், அரசு பாலிகிளினிக்கில் தனி மருந்துப் பிரிவு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாதுதான். அப்படியென்றால் கிளினிக்குகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அவை பூட்டியிருக்கும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு கடையை எத்தனை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றும் பாருங்கள். அப்படி அளக்கும் முறைகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

வீட்டுக்கே மருந்து வருகிறதே என்றார் இன்னொருவர். மாதாமாதம் போடும் பிரஷர் மாத்திரைக்கு அது சரி. ராத்திரி இருமலுக்கு யார் கொண்டு வருவார்கள்?

சிங்கப்பூர் சின்ன ஊர், இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வது? ஊர் சின்னதாக இருப்பதால் முட்டி வலி சின்னதாகிவிடாது. குறை சொல்வது நன்றி கெட்டத்தனம் என்றும் ஒருவர் எழுதினார். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில் அம்மா காய்கறிப் பையோடு இரண்டு மாடி படியேறியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிறகு எல்லா மாடியிலும் லிஃப்ட் நின்றது. குறை என்று யாரோ சொன்னதால்தானே அது நடந்திருக்கும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். "வயசான அம்மாவைத் தனியா அனுப்பிட்டு மக எங்க போனா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேலைக்குப் போனேன், ஐயா. அந்த வேலையில் வரும் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன். மகள் வீட்டில் இருந்தால்தான் மருந்து எட்டும் என்றால், மகளே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் மாடியிலேயே தனியாக இருக்கும் மூத்தவர்கள் மூன்று பேர். அவர்கள் வீட்டின் மேலும் அந்த வட்டம் விழுந்திருக்கிறது.

மறுபடியும் சொல்கிறேன், கடை எங்கே இருக்கிறது என்று அளக்காதீர்கள். ஆள் எங்கிருந்து கிளம்புகிறார், எந்த வழியாக, எந்தக் காலால், எத்தனை மணிக்கு, போய்ச் சேரும்போது கவுன்டரில் ஆள் இருக்கிறாரா என்று அளந்து பாருங்கள்.

சனிக்கிழமை பாலத்தைத் தாண்டும்போது நான் போனில் நேரம் பார்ப்பதை அம்மா கவனித்துவிட்டார். "ஏம்மா, நான் ரொம்ப மெதுவா நடக்கிறேனா?" என்று கேட்டார். இல்லைம்மா என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை.