முப்பது விநாடியில் ராப்பாயியைக் காப்பாற்ற முடியாது

நேற்று அந்த ரீலுக்குக் கீழே எனக்கு விழுந்த திட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஆச்சே இசையை டிஜிட்டலில் காப்பாற்றிவிட்டோம்" என்று தலைப்புப் போட்டு, இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் வடகோடியில் இருக்கிற ஆச்சேயில் ராத்திரி முழுக்க நடந்த ராப்பாயி மேள வாசிப்பை முப்பது விநாடிக்கு நறுக்கி, மேலே எலக்ட்ரானிக் பீட்டையும் ஏற்றிவிட்டார்கள். எந்த ஊர், யார் வாசித்தது, ஒன்றும் கிடையாது. முழுசாகப் போடுங்கள், பெயரோடு போடுங்கள் என்றேன். அது பொறாமையாம்.

ஒலிப்பதிவு என் தொழில். ராப்பாயி நம் தப்ஸ் போல ஒருபக்கம் தோல் கட்டிய வாத்தியம். வடக்கு ஆச்சேயில் ஒரு ஊரில் நான் பதிவு செய்தபோது, நள்ளிரவு ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது என்று பெரியவர் ஒருவர் வாசிப்பை நிறுத்தினார். பிரம்பு வளையத்தைத் தோலுக்கும் கட்டைக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் செருகி, விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டிக் கேட்டார். பக்கத்து ராப்பாயியோடு சேரும்வரை விடவில்லை. மறுநாள் அந்த ஊர்ப் பையன்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது அந்தப் பகுதியைத்தான். எடிட்டிங்கில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

"போனில் எடுத்தால் போதாதா?" போதாது. ராப்பாயி பாசாயி என்ற வகையில் பெரிய பெரிய வாத்தியங்களைத் தொங்கவிட்டுக் கூட்டமாக அடிக்கும்போது வயிற்றில் அதிரும் அந்த அடிநாதத்தைப் போன் மைக் வாங்காது. ஓங்கி அடித்தால் போனே சத்தத்தைக் குறைத்துவிடும், அப்புறம் மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் வித்தியாசமே இருக்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் முழுசாகப் பதிய ஒரு கையடக்க ரெக்கார்டர் போதும்.

"பதிவு செய்தால் உயிருள்ள கலை செத்துவிடும்" என்கிறார் ஒருவர். பெட்டியில் பூட்டி வைத்தால், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆச்சேயில் 1976 முதல் 2005 வரை தனிநாடு கேட்ட போராளிகளுக்கும் அரசுக்கும் சண்டை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கொண்டுபோனது. வாசித்தவரும் போய், அவரிடம் கற்றவனும் போய்விட்டால் யாரிடம் கேட்பது? இசை ஆய்வாளர் மார்கரெட் கார்தோமி 1982இல் அங்கே போய்ப் பதிவு செய்தார், அதனால் அந்தக் காலத்து வாசிப்பு இன்றும் காதுக்குக் கிடைக்கிறது. அவரும் முப்பது விநாடியோடு நிறுத்தியிருந்தால்?

"நீ என்ன ஆச்சேக்காரனா?" இல்லை, கடலூர்க்காரன். எங்கள் கரையையும் அதே அலைதான் அடித்தது. போனவர்களின் குரல் ஒரு கேசட்டில்கூட இல்லாத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அங்கே வந்து சொல்லுங்கள், முப்பது விநாடி போதும் என்று.

ரீல் போட்டவர்களே, முழுக் கோப்பு உங்களிடம் இருக்கிறது. வெட்டாமல் ஏற்றுங்கள், வாசித்தவர்கள் பெயரைப் போடுங்கள், அந்த ஊருக்கு ஒரு பிரதி கொடுங்கள். இதைக் கேட்டதற்கா என்னை பிளாக் செய்தீர்கள்?