பழைய தேயிலை ஸ்டோர்: மேல்மாடியில் கூத்து ஆடலாமா?

"பாரமான மெசின்களையே தாங்கிய கட்டடம், மேல்மாடியில் முந்நூறு பேர் இருந்து கூத்துப் பார்க்கலாம்" என்று இலங்கை மலையகத்தில் ஒரு செய்தி பகிரப்படுகிறது. மூடிக்கிடக்கும் ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, கலைக்கூடமாக்கும் ஆசை நல்லது. ஆனால் இந்தக் கணக்கு தவறு, ஆபத்தானதும்கூட.

கொழுந்து அரைக்கும் ரோதையும் அடுப்பும் நின்றது கீழ்த்தளத்தில், தனி அத்திவாரத்தின் மேல். மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கானவை. வாட்டும் தொட்டியில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ கொழுந்துதான் பரப்புவார்கள். சனம் கூடும் மண்டபத் தளமோ சதுர மீற்றருக்குச் சுமார் 500 கிலோ தாங்கும்படி கணக்கிடப்படுகிறது. தப்பு மேளத்தின் அடிக்கு எல்லோரும் ஒரே தாளத்தில் மிதித்தால் அதிர்வும் சேரும்.

முதலில் பலகைக்கு அடியிலுள்ள மரச்சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைப் பாருங்கள். கூரை ஒழுகி ஈரம் தங்குவதும் கறையான் ஏறுவதும் அங்கேதான். திருப்புளியால் குத்தினால் மெத்தென்று இறங்கும் சட்டம் உளுத்துவிட்டது. மேலே பூசிய பெயின்ற் அதை மறைத்திருக்கும். குத்திப் பார்ப்பது முதற்படி மட்டுமே, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கட்டமைப்புப் பொறியியலாளர்தான் எழுத்தில் தர வேண்டும்.

காமன் கூத்துக்குக் கீழ்த்தளமே பொருத்தம். மேலே படக்காட்சி வைக்கலாம், ஆட்களை எண்ணி ஏற்றி. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது, மாற்ற முடியாததல்ல.