பிஎச் வாயே திறக்கவில்லை

உங்கள் பதிவில் தஞ்சாவூர், நாகப்பட்டினம் கிணற்று நீர் அளவுகளை (அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச், உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) அப்படியே சைபை (SciPy) என்ற பைத்தான் நூலகத்தின் லிங்கேஜ் (linkage) செயற்கூற்றில் கொடுத்து, ஒத்த கிணறுகளைக் குழுக்களாகச் சேர்க்கும் வார்டு (Ward) முறையில் பிரித்திருக்கிறீர்கள். வேதாரண்யம் பக்கம் மின்கடத்துதிறன் ஆயிரக்கணக்கில் ஏறும். பிஎச் பெரும்பாலும் 6-க்கும் 9-க்கும் நடுவிலேயே நிற்கும். இப்படியே கலந்தால் பெரிய எண்களே குழுக்களைத் தீர்மானிக்கும், உப்பு மட்டும்தான் பேசும். மின்கடத்துதிறனுக்கு முதலில் மடக்கை எடுங்கள். பிறகு ஒவ்வொரு நெடுவரிசையிலும் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டு வார்டு போடுங்கள்.

பின்னூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு ஜோடிக் கிணறுக்கும் அளவுகளில் உள்ள வேறுபாட்டைத் தூரமாக எழுதிய சதுர வடிவ அணியை நேரே லிங்கேஜுக்குக் கொடுக்கச் சொல்கிறார். வேண்டாம். லிங்கேஜ் அந்த அணியின் வரிசைகளையே தரவுப் புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை ஒரு வரி வரும், ஓட்டம் நிற்காது. குழுக்கள் சேரும் விதத்தைக் காட்டும் மரப்படமும் அழகாகத்தான் வரும், அதுதான் வம்பு! அணியை சைபையின் ஸ்கொயர்ஃபார்மில் (squareform) ஒரு ஜோடிக்கு ஒரு தூரம் என்ற ஒற்றைப் பட்டியலாகச் சுருக்கிக் கொடுங்கள். 50,000 புள்ளிகள் என்றால் தூரங்களுக்கே சுமார் 10 ஜிபி நினைவகம் போய்விடும். அங்கே எல்லாத் தூரங்களையும் சேமிக்காமலே வேலை செய்யும், ஃபாஸ்ட்கிளஸ்டர் (fastcluster) நூலகத்தின் லிங்கேஜ்_வெக்டர்தான் (linkage_vector) கைகொடுக்கும்.