கறுப்புப் பட்டி காலாவதியாகாது
தம்பி, கராத்தேயை ஐந்து வருடம் விட்டால் கறுப்புப் பட்டி செல்லாது, வெள்ளையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஆசான் ஃபுனகோஷி 1924இல் அதற்குக் கொண்டுவந்த டான் தரம், அதாவது கறுப்புப் பட்டியின் படிநிலை, திகதி முடிகிற லைசன்ஸ் அல்ல. சில சங்கங்கள் கேட்கும் வருடச் சந்தா வேறு விஷயம். சிலர் மரியாதைக்காகத் தாங்களே வெள்ளைப் பட்டி கட்டி வருவார்கள், அது அவரவர் விருப்பம்.

திரும்பத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியது உடம்பைத்தான். ஆரம்பத்தில் பழகும் ஹெய்யான் ஷோடான் கட்டா (வரிசையான அசைவுப் பயிற்சி) சில வகுப்புகளிலேயே கை காலுக்கு வந்துவிடும். ஆனால் தசைநாண்கள் தசையை விட மெதுவாகத்தான் பழகும். முன்காலை மடித்து நிற்கும் ஸென்குட்ஸு நிலையில் தாழ்ந்து நின்றால் முழங்காலும் குதிகாலுக்கு மேலேயும் இழுக்கும். முதலில் நிலையைக் கொஞ்சம் உயர்த்தி நில்லுங்கள், குமித்தே (ஒருவரோடு ஒருவர் மோதும் பயிற்சி) பிறகு பார்க்கலாம். வெள்ளவத்தைப் புழுக்கத்தில் வோர்ம் அப் முடியும் முன்பே உடுப்பு நனைந்துவிடும், தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.